சுங் லிங் சூவின் துப்பாக்கி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆரம்பகால மேடை மாயவித்தைக்காரர்கள் பற்றி நீங்கள் வெளியிட்டுவரும் தொடரில், சீன வேடத்தில் மேடையேறிய அமெரிக்க வித்தைக்காரர் சுங் லிங் சூவின் மரணம் ஒரே பத்தியில் முடிந்துவிட்டது. தன்னை நோக்கிச் சுடப்படும் குண்டுகளைப் பீங்கான் தட்டில் பிடிப்பதாகக் காட்டும் வித்தையின்போது சுடப்பட்டு இறந்தவர் அவர். அதிலும் ‘யாரோ பகையாளி போலிக் குண்டை எடுத்துவிட்டு நிஜக் குண்டைப் போட்டுவிட்டான்’ என்ற பழைய வதந்திதான் இடம்பெற்றிருக்கிறது. அந்த வித்தையில் துப்பாக்கிக்குள் போனது எல்லாக் காட்சிகளிலும் நிஜக் குண்டு, நிஜ வெடிமருந்து. பார்வையாளர்கள் கண்ணெதிரே அதைக் கெட்டிப்பதுதான் வித்தையின் பாதி. பிறகு எப்படி அத்தனை வருடம் உயிரோடிருந்தார், எப்படி ஒருநாள் செத்தார் என்பதை உங்கள் வாசகர்கள் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவை வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய ரகத் துப்பாக்கிகள். குழலுக்குள் முதலில் கருமருந்து, பிறகு குண்டு. இரண்டையும் இடிகம்பியால் இறுக்கிக் குத்த வேண்டும். அந்தக் கம்பியைச் செருகி வைப்பதற்குக் குழலின் அடியில் ஒரு மெல்லிய குழாய் உண்டு. சூட்சுமம் அங்கேதான் இருந்தது. விசையை இழுத்ததும் எழும் பொறி சாதாரணத் துப்பாக்கியில் நேராக மேல்குழலின் மருந்தைப் பற்றவைக்கும். சூவின் துப்பாக்கிகளில் அந்த வழியை அடைத்து, பொறி கீழ்க்குழாய்க்குத் திரும்பும்படி செய்திருந்தார்கள். கீழ்க்குழாயில் குண்டில்லாத வெறும் மருந்து இருக்கும். சத்தம், நெருப்பு, புகை எல்லாம் அங்கிருந்து வரும். மேல்குழலில் குண்டு கிடந்த இடத்திலேயே கிடக்கும். கூர்ந்து பார்த்தவர்களுக்கு ஒரு தடயமும் இருந்தது. குண்டைக் குத்தி முடித்தபின் இடிகம்பியை மறுபடி அதன் இடத்தில் செருகவே மாட்டார்கள். செருகினால் வெடிக்க வேண்டிய குழாய் அடைபட்டுப் போகுமே.

பார்வையாளர்கள் அடையாளம் கீறிய குண்டுகள் துப்பாக்கிக்குப் போகும் வழியிலேயே மாற்றப்பட்டுவிடும். கீறியவை ரகசியமாகச் சூவின் கைக்கு வந்து சேரும். பீங்கான் தட்டை நெஞ்சுக்கு நேரே பிடித்து நிற்பார். வெடிச்சத்தம் கேட்ட கணத்தில் அவை தட்டில் விழுந்து ஒலிக்கும்.

கெடுதல் நேர்ந்தது மேடையில் அல்ல, காட்சி முடிந்தபின் நடந்த வேலையில். சுடப்படாத குண்டும் மருந்தும் மேல்குழலில் அப்படியே இருக்கும் அல்லவா? அதைப் பாதுகாப்பான இடத்தில் சுட்டுத் தீர்க்கலாம். அல்லது நுனியில் திருகுள்ள கம்பியை வாய் வழியாக விட்டு, குண்டைக் கோத்து இழுத்துவிட்டு மருந்தைக் கொட்டலாம். சூ இரண்டையும் செய்யவில்லை. குண்டும் மருந்தும் வீணாகாமலிருக்க, குழலின் அடிப்பக்கத்தைத் திருகிக் கழற்றிப் பின்வழியாக எடுத்துவந்தார். கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தால் மரை தேயத்தானே செய்யும்! போதாக்குறைக்கு, கருமருந்து எரிந்தபின் தங்கும் கரி காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கக்கூடியது. அந்த இடுக்குகளில் எரியாத மருந்துத் துகள் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்தது. அடைத்து வைத்திருந்த வழியை அந்தத் துகளே திறந்துவிட்டது.

1918 மார்ச் 23 இரவு, லண்டனின் வுட் கிரீன் எம்பயர் அரங்கில் இரண்டு துப்பாக்கிகள் சுடப்பட்டன. ஒன்றில் பொறி மேல்குழலுக்கும் பாய்ந்தது. அதிலிருந்த குண்டு சூவைத் தாக்கியது. மேடையில் சீனராகவே வாழ்ந்தவர், பத்திரிகையாளர்களிடம்கூட மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசியவர், அன்று ஆங்கிலத்தில் திரையை இறக்கச் சொன்னார். மறுநாள் இறந்தார். துப்பாக்கி நிபுணர் ராபர்ட் சர்ச்சில் ஆயுதத்தைப் பிரித்துப் பார்த்தார். விசாரணையின் முடிவு, விபத்து மரணம். அதற்குப் பிறகும் கொலை என்று எழுதுவது அவரோடு மேடையில் நின்ற உதவியாளர்கள் மீது வீண்பழி போடுவதாகும். மூத்த அமெரிக்க வித்தைக்காரர் ஹாரி கெல்லர் அதே ஆண்டு, தப்பிக்கும் வித்தைகளால் புகழ்பெற்ற ஹௌடினிக்குக் கடிதம் எழுதி இந்த வித்தையைத் தொடவே கூடாதென்று மன்றாடினார். ஹௌடினியும் தொடவில்லை.

அந்தக் கெல்லரிடம்தான் சூ முன்பு வேலை பார்த்தார் என்பதும் உங்கள் கட்டுரையில் இல்லை. இயற்பெயர் வில்லியம் எல்ஸ்வொர்த் ராபின்சன். 1861-இல் நியூயார்க்கில் பிறந்த அமெரிக்கர். கெல்லர், அலெக்சாண்டர் ஹெர்மன் ஆகிய இரு பெரும் வித்தைக்காரர்களுக்கும் திரைமறைவில் உழைத்தவர். ஆவி வந்து சிலேட்டில் எழுதுவதாகக் காட்டும் தந்திரங்களை விளக்கி 1898-இல் நூலும் எழுதினார். கருவிகளை இவ்வளவு அறிந்த ஒருவர் ஒரு திருகு மரையைக் கவனிக்காமல் விட்டாரே என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை. ரகசியக் கருவியை வெளியாள் யாரிடமும் காட்ட முடியாது. அதனால் தேய்மானத்தைச் சுட்டிக்காட்டவும் ஆளிருக்காது என்பது என் கருத்து.

1900-இல் அவர் அணிந்த சீன வேடம் சொந்தக் கற்பனையும் அல்ல. பெய்ஜிங்கிலிருந்து வந்து அமெரிக்காவைக் கலக்கிய சிங் லிங் ஃபூவின் சாயலில், பெயரைக்கூட ஒட்டி அமைத்துக்கொண்டது. 1905-இல் இருவரும் லண்டனில் ஒரே சமயத்தில் ஆடினார்கள். தன் வித்தைகளைச் செய்து காட்டச் சொல்லி ஃபூ சவால் விட்டார். குறித்த நாளில் ஃபூ வரவில்லை, சூ வந்தார், பத்திரிகைகள் சூவைத் தூக்கிப் பிடித்தன. அசல் சீனர் பின்னுக்குத் தள்ளப்பட்டார். இது அநியாயம். ஃபூவுக்கு உங்கள் தொடரில் ஒரு வரிகூட இல்லை என்பது அதைவிட வருத்தம் தருகிறது.

அடுத்த இதழில் மரணம் பற்றிய தகவலுக்குத் திருத்தம் வெளியிடுங்கள். தொடர் முடிவதற்குள் சிங் லிங் ஃபூவுக்கென்று ஒரு முழு அத்தியாயம் ஒதுக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாயவித்தை வரலாற்று வாசகர்,
திருச்சி.