பாலாற்றுப் பாலத்தில் நடப்போருக்கும் மிதிவண்டிகளுக்கும் தனிப்பாதை கோரும் மனு

அனுப்புநர்:
மிதிவண்டி பழுதுபார்க்கும் கடை உரிமையாளர் மற்றும் இம்மனுவில் ஒப்பமிட்டுள்ள பொதுமக்கள்,
விருதம்பட்டு, காட்பாடி வட்டம்,
வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சத்துவாச்சாரி, வேலூர்.

பொருள்: வேலூர் – காட்பாடி சாலையில் உள்ள பாலாற்றுப் பாலத்தில் நடந்து செல்வோருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் தடுப்புடன் கூடிய தனிப்பாதை அமைத்துத் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித்தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

விருதம்பட்டில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மிதிவண்டி பழுதுபார்க்கும் கடை நடத்தி வரும் நான், என் வாடிக்கையாளர்களும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களும் கேட்டுக்கொண்டதன் பேரில் இம்மனுவைத் தங்கள் மேலான பார்வைக்குச் சமர்ப்பிக்கிறேன். ஒப்பமிட்டவர்களில் விடியற்காலையில் நேதாஜி மார்க்கெட்டுக்குப் பூ வாங்கப் போகிறவர்களும், ஆஸ்பத்திரிகளில் இரவுப் பணி முடித்து நடந்தே வீடு திரும்புகிறவர்களும், பிள்ளைகளை ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிகளுக்கு அனுப்பிவிட்டு மாலை வரை வாசலைப் பார்த்திருக்கும் பெற்றோரும், மூன்று சக்கர வண்டியில் செல்லும் மாற்றுத்திறனாளி ஒருவரும் இருக்கிறார்கள். பேருந்தும் லாரியும் ஓடும் தடத்திலிருந்து பிரித்து, எங்களைப் போன்றவர்கள் பாலத்தைக் கடக்க ஒரு தனிப்பாதை வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

2008ஆம் ஆண்டு மாநகராட்சியாகத் தரம் உயர்ந்த வேலூருடன் 2011இல் காட்பாடிப் பகுதியும் இணைக்கப்பட்டதிலிருந்து ஆற்றின் இரு கரையும் ஒரே ஊராகிவிட்டன. வரி ஒன்று, மேயர் ஒருவர். ஆனால் ஊரின் நடுவில் பாலாறு கிடக்கிறது. காட்பாடி சந்திப்பில் ரயிலிறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகிறவரும், கோட்டைப் பக்கம் கடையில் வேலை செய்யும் கழிஞ்சூர், காங்கேயநல்லூர்க்காரரும் இந்தப் பாலத்தின் மேல்தான் போய்வர வேண்டும். 2022 ஜூன் மாதத்தில் காட்பாடி ரயில்வே மேம்பாலம் சீரமைப்புக்காக மூடப்பட்டபோது, இந்த ஒரு சாலையை நம்பி எவ்வளவு பேர் பிழைக்கிறார்கள் என்பதை ஊரே உணர்ந்தது. மோட்டார் வண்டியில் இருப்பவருக்குப் பாலம் ஓரிரு நிமிட வேலை. நடப்பவருக்கோ அது நிழல் ஒன்றும் இல்லாத, ஒதுங்க இடமில்லாத, நடுவில் திரும்பவும் முடியாத நீண்ட தூரம். அக்கினி நட்சத்திரத்தில் வேலூர் வெயில் எப்படியிருக்கும் என்று தங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை.

பாலத்தின் ஓரம் எப்படியிருக்கிறது என்பதை மிதிவண்டிக்காரர்களின் சக்கரங்கள் வழியாக நான் அறிவேன். ஆற்றிலிருந்து காற்று அள்ளி வருவதும் லாரிகளிலிருந்து சிந்துவதுமான மணல், கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்கு எப்போதும் படிந்து கிடக்கிறது. ஓரத்தோடு ஓரமாக வருகிறவரின் முன்சக்கரம் அந்த மணலில் ஏறியதும் வழுக்குகிறது. அவர் வலப்புறம் ஒதுங்குகிறார். பின்னால் வரும் பேருந்து ஹாரன் அடிக்கிறது. பதற்றத்தில் அவர் மறுபடியும் மணலுக்குள் இறங்கும்போது பாலத்தின் இணைப்பு இடுக்கிலோ மழைநீர் வடியும் துளையிலோ சக்கரம் இறங்கி, ரிம் ஒரு பக்கமாக வளைந்து, இரண்டு மூன்று ஸ்போக்ஸ் தெறித்துப் போகின்றன. பள்ளத்தில் விழுந்த சக்கரம் வேறு மாதிரி வளையும், இது வேறு மாதிரி வளையும். இதற்கு எங்கள் கடையில் 'பாலத்துக் கோட்டம்' என்றே பெயர். கோட்டம் எடுப்பது என் தொழில். அதில் எனக்கு வருமானமும் உண்டு. அந்த வருமானம் வேண்டாம் என்றுதான் இந்த மனுவை எழுதுகிறேன்.

இன்னொன்றையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மாணவ மாணவியருக்குத் தமிழக அரசு விலையில்லா மிதிவண்டி வழங்கி வருகிறது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை அந்த வண்டிகளுக்கு முதல் நாளில் காற்றடித்து, சீட்டை இறக்கி, பிரேக்கை இறுக்கிக் கொடுக்கும் எனக்குத் தெரியும். ஆனால் ஓரிரு ஆண்டு கழித்து அவற்றில் சில என் கடைக்குத் திரும்பி வரும்போது பார்க்கிறேன்: டயரின் முள் அப்படியே இருக்கிறது, பெடல் கட்டை தேயவில்லை, ரப்பர் மட்டும் வெயிலில் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. ஓட்டித் தேய்ந்த டயர் அப்படி இருக்காது. தாழ்வாரத்தில் சாத்தியே வைத்திருந்த வண்டி அது. ஏன் என்று கேட்டால், "பாலத்துல அனுப்ப பயமா இருக்கு, ஷேர் ஆட்டோவுலயே போகட்டும்னு விட்டுட்டோம்" என்கிறார்கள் தாய்மார்கள். அரசு கொடுத்த வண்டி ஓடுவதற்குப் பாலத்தின் மேல் ஓரிரு மீட்டர் இடம் இல்லை என்பதால் அந்தக் குடும்பம் மாதாமாதம் ஆட்டோவுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறது.

எனக்கு நேர்ந்ததையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆடிக் காற்றின்போது பழுது நீக்கிய வண்டி ஒன்றை வாடிக்கையாளரின் வீட்டில் ஒப்படைப்பதற்காகப் பாலத்தில் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு பேருந்து என்னை உரசாமல்தான் கடந்தது. ஆனால் அது கிளப்பிய காற்றில் வண்டியின் முன்பக்கம் திரும்பி, ஹேண்டில்பாருக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் என் இடது கை மாட்டி நான்கு விரல்களிலும் தோல் உரிந்தது. பத்து நாள் ஸ்பேனர் பிடிக்க முடியவில்லை. அந்த ஓட்டுநரை நான் குறைசொல்ல மாட்டேன். அவருக்கு வலப்புறம் ஒரு லாரி சென்றுகொண்டிருந்தது, அவர் எங்கே ஒதுங்குவார்? இடம் போதாத சாலையில் யாரையும் தனியாகக் குற்றவாளி ஆக்க முடியாது என்பதால்தான் இதைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகாமல் தங்களிடம் கொண்டுவருகிறேன்.

கோடையில் ஆறு வறண்டு கிடக்கையில், பாலத்துக்குப் பயந்து மணலில் இறங்கிக் கடப்பவர்களும் உண்டு. சீமைக் கருவேலப் புதர்களுக்கு நடுவே இருட்டிய பின் பெண்கள் அந்த வழியில் போக முடியாது. 2021 நவம்பரில் பாலாறு இருகரையும் தொட்டு ஓடியபோது அந்த வழியும் இல்லாமற்போனது. வெள்ளம் வந்தாலும் வராவிட்டாலும் காலால் நடந்து கடப்பதற்கு நம்பகமான வழி பாலம் ஒன்றே.

எங்களுக்குத் தேவைப்படுவது என்னவென்று இனித் தெளிவாகச் சொல்கிறேன். தார்ச்சாலையில் மஞ்சளோ வெள்ளையோ ஒரு கோடு மட்டும் போட்டுத் தருவதாக இருந்தால் அது எங்களுக்கு வேண்டாம். நெரிசல் நேரத்தில் இருசக்கர வாகனங்கள் முதலில் புகுவது அந்தக் கோட்டுக்குள்தான், ஆறு மாதத்தில் பெயின்ட்டும் தேய்ந்துவிடும். வண்டிகள் ஏற முடியாத உறுதியான தடுப்பு வேண்டும். நடப்போர் வசதிகளுக்காக இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 103 என்னும் வழிகாட்டு நெறிகளின்படி நடைபாதையில் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும். விளக்குக் கம்பம், கேபிள் பெட்டி, பெயர்ப் பலகை எல்லாம் போக மிஞ்சும் அகலம்தான் கணக்கு. மிதிவண்டியும் அதிலேயே செல்வதானால் இன்னும் அகலம் தேவைப்படும். நடப்பவரையும் மிதிவண்டியையும் ஒரே குறுகிய பாதையில் திணித்தால், பேருந்துக்கும் எங்களுக்கும் இருந்த தகராறு எங்களுக்குள்ளேயே வந்துவிடும்.

என் அனுபவத்தில் பாதையின் நடுப்பகுதியைவிட அதன் இரண்டு முனைகள்தான் முக்கியம். பாலத்தின் மேல் அழகான பாதை அமைத்துவிட்டு, விருதம்பட்டு முனையில் அரையடிப் படியாக முடித்துவிட்டால் மிதிவண்டிக்காரர் இறங்கித் தூக்க வேண்டும், மூன்று சக்கர வண்டிக்காரர் திரும்பிப் போக வேண்டும். 12 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேல் உயராத சாய்வுத்தளம் இரு முனையிலும் வேண்டும். வேலூர் பக்கம் இறங்குகிறவர் நேரே கிரீன் சர்க்கிளின் வாகனச் சுழலுக்குள் தள்ளப்படாமல், சாலையைக் கடந்து புதிய பேருந்து நிலையத்தை அடையும் வரை பாதையும் தொடர வேண்டும். இந்த வேலையை எவ்வளவு கவனமாகச் செய்கிறோமோ அந்த அளவுக்குத்தான் பாலத்தின் மேல் செலவழிக்கும் பணம் பயன்படும்.

முனைகளில் ஒரு சிக்கலும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. இருசக்கர வாகனம் நுழையாதபடி கம்பி நட்டால் சக்கர நாற்காலியும் நுழையாது. சக்கர நாற்காலிக்கு இடைவெளி விட்டால் ஸ்கூட்டர் புகுந்துவிடும். வளைந்து நெளியும் இரும்புத் தடுப்பு வைத்து மாற்றுத்திறனாளிகளைத் தடுப்பதைவிட, இடைவெளியை விட்டுவிட்டு, முதல் சில மாதங்கள் போக்குவரத்துக் காவலரையும் பிறகு கேமராவையும் கொண்டு அபராதம் விதிப்பதே சரி என்பது எங்கள் எண்ணம். திருச்சி காவிரிப் பாலத்தின் நடைபாதையில் மாலை நேரத்தில் மக்கள் காற்று வாங்க நிற்பதைப் போல இங்கும் நிற்பார்கள், அவர்களை நம்பி வண்டிக் கடைகளும் வரும். யார் பிழைப்பையும் கெடுக்க எங்களுக்கு மனமில்லை. அவர்களுக்குக் கரையோரத்தில் இடம் குறித்துக் கொடுத்துவிட்டுப் பாலத்தின் மேல் மட்டும் கடை கூடாது என்று முதல் நாளிலேயே அறிவித்துவிட வேண்டுகிறோம்.

சின்ன விஷயங்களாகத் தோன்றும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மழைநீர் வடிகால் மூடியின் கம்பிகள் சாலையின் நீளவாக்கில் இருந்தால் மிதிவண்டிச் சக்கரத்தை அப்படியே விழுங்கிவிடும். குறுக்குவாக்கில் பொருத்த வேண்டும். மணலை வாரம் இருமுறையாவது கூட்டி அள்ளும் பொறுப்பை இன்னாருடையது என்று ஆணையிலேயே எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆடிக்குள் புதிய பாதையும் மணல் மேடாகிவிடும்.

கூடுதல் பாரத்தைப் பாலம் தாங்குமா என்ற கேள்வி எழும் என்பதை அறிவோம். அதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் பொறியாளர்கள். இருக்கும் அகலத்திலேயே தடுப்பு வைத்துப் பிரிக்கலாமா, பக்கவாட்டில் இரும்புத் தாங்கிகள் பொருத்தி நீட்டலாமா, பக்கத்திலேயே நடப்போருக்கென்று இலகுவான தனிப்பாலம் கட்டலாமா என்ற மூன்றையும் மதிப்பீட்டுடன் ஆராய வேண்டுகிறோம். வாகனத் தடம் குறுகினால் நெரிசல் கூடும் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். காலை நேரத்தில் ஓரளவு அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் இப்போதும் முன்னால் ஒரு மிதிவண்டி போனால் பேருந்து முழுத் தடத்திலும் அதன் பின்னால் ஊர்ந்துதான் வருகிறது. ஆய்வு முடிந்து பணி தொடங்கும் வரை, வேகக் கட்டுப்பாடும் எரியாத விளக்குகளைச் சரிசெய்வதும் உடனே செய்யக்கூடியவை.

இது சலுகையாகக் கேட்பதும் இல்லை. நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு வழங்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 14 அன்று தெளிவுபடுத்தி, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும் வகையில் நடைபாதைகள் அமைய வேண்டும் என்றும் கூறியுள்ளது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அணுகத்தக்க சாலைகளை வலியுறுத்துகிறது. வெளிமாநிலத்திலிருந்து சிகிச்சைக்கு வந்திருந்த ஒருவர், வங்காளத்துக்காரர், என் கடை வாசலில் நின்று பாலத்தில் நடக்கிற வழி எது என்று கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. வங்காளத்தில் 1943இல் திறக்கப்பட்ட ஹவுரா பாலத்தில் இருபுறமும் 15 அடி அகலத்துக்கு நடைபாதை உண்டு. அவர் கேட்டதில் தவறில்லை. 2016இல் ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்குத் தேர்வான ஊர் எங்களுடையது.

பாலம் எந்தத் துறையின் பராமரிப்பில் இருந்தாலும், எங்கள் மனு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டே இருக்காதபடி, நெடுஞ்சாலை, மாநகராட்சி, போக்குவரத்துக் காவல் ஆகிய மூன்று தரப்பு அலுவலர்களும் சேர்ந்து ஒரே நாளில் கூட்டாய்வு செய்யத் தாங்கள் உத்தரவிட வேண்டுகிறோம். ஆய்வைப் பகல் பதினொரு மணிக்கு வைக்க வேண்டாம். அப்போது பாலம் சாதுவாக இருக்கும். பள்ளி நாளில் காலை 7.30 முதல் 9.30 வரையோ, மாலை ஆறு மணிக்கு மேலோ வைத்து, அலுவலர்கள் ஒருமுறை வாகனத்தை விட்டு இறங்கி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை நடந்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் தாழ்மையான விண்ணப்பம். நாளை முன்கூட்டியே தெரிவித்தால் அன்று கடையை அடைத்துவிட்டு, அளவு நாடாவோடும் ஓட்டிப் பார்க்க இரண்டு நல்ல மிதிவண்டிகளோடும் விருதம்பட்டு முனையில் காத்திருப்பேன். இரண்டுக்கும் பிரேக் சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மிதிவண்டி கடை உரிமையாளர், விருதம்பட்டு
மற்றும் இணைப்புத் தாளில் ஒப்பமிட்டுள்ளோர்

நகல்: மாநகராட்சி ஆணையாளர், வேலூர், நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளர், வேலூர், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், வேலூர்.