பர்மா கட்டுரையில விட்டுப்போன ஆளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இதழ்ல பர்மா, அதாவது இப்போதைய மியான்மர், ராணுவ ஆட்சி பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். 2021 பிப்ரவரி 1 ஆட்சிக் கவிழ்ப்பு, ஓட்டுல ஜெயிச்ச தலைவி ஆங் சான் சூச்சி ஜெயில், சைனா, பைப்லைன்னு எல்லாம் இருந்துச்சு, ஆனா முழுப் பக்கத்துல ரோஹிங்யா முஸ்லிம்களுக்கு ஒரே ஒரு வரி, மலை இனங்களான சின், கச்சின் ஆளுங்க பேரே இல்ல, பர்மா தமிழர் பத்தி மூச்சே இல்ல. தமிழ்ப் பத்திரிகைக்கு இது எப்படிங்க விட்டுப்போகும்?

ராணுவத் தளபதி நெ வின் 1962 மார்ச்ல ஆட்சிய புடிச்சப்ப எங்க தாத்தா ரங்கூன்ல ஒரு மளிகைக் கடையில கணக்கெழுதிட்டிருந்தாரு. 1964ல கடைங்கள எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, வாசல்ல 'மக்கள் கடை'ன்னு நம்பர் போட்டு போர்டு மாட்டிட்டாங்க, அதே வருஷம் மே மாசம் 50, 100 க்யாட் நோட்டு செல்லாதுன்னுட்டாங்க. அப்புறம் என்ன, கப்பல்தான். கப்பல் துறையில அப்பத்தாவோட தாலிய கழட்டச் சொன்னாங்களாம், அது குடுத்துருச்சு, தோட்டுத் திருகு மட்டும் வரல, சோப்பு நுரைய காதுல தடவி திருகித் திருகி எடுத்தாங்களாம், காது கிழிஞ்ச தழும்பு கடைசி வரைக்கும் இருந்துச்சு. இப்படி அந்த வருஷங்கள்ல சுமார் 3 லட்சம் இந்தியருங்க வெளியேறினாங்க, அதுல பாதிக்கு மேல நம்ம ஆளுங்கன்னு பெரியவங்க சொல்லுவாங்க. மெட்ராஸ் பர்மா பஜார் வந்ததும் அப்படித்தான்.

நம்ம செட்டியாருங்க வட்டிக்கு விட்டு வயல் புடிச்சது உண்மைதான், பர்மா விவசாயிக்கு அந்தக் கோபம் இருந்ததுல தப்பு சொல்ல மாட்டேன். ஆனா ஹார்பர்ல மூட்டை தூக்கினவன் என்ன பண்ணான், கணக்கெழுதுனவன் என்ன பண்ணான்?

அதோட விட்டாங்களா, 1982ல ஒரு குடியுரிமைச் சட்டம். 1823க்கு முன்னாடியே அந்த மண்ணுல இருந்த இனம்னாத்தான் முழுக் குடிமகன், மத்தவங்களுக்கு ரெண்டாந்தரம், மூணாந்தரம், அதுக்கு வேற வேற கலர் கார்டு. 1824ல வெள்ளக்காரன் சண்டைக்கு வந்த பின்னாடிதான் வெளியாளுங்க வந்தாங்கன்னு கணக்கு. அங்கேயே தங்கிட்ட நம்ம தமிழருங்களுக்கு இந்தத் தரக்குறைச்சல்தான், ரோஹிங்யா முஸ்லிம்களுக்கு அதுவும் இல்ல, 135 இனம்னு அரசாங்கம் வச்சிருக்குற பட்டியல்ல அவங்க பேரே கிடையாது. பேர் இல்லாதவன விரட்டுறது ஈஸி. 1978ல 2 லட்சம் பேருக்கு மேல, 1991-92ல ரெண்டரை லட்சம், 2017 ஆகஸ்ட்லேர்ந்து சில மாசத்துல 7 லட்சத்துக்கு மேல பங்களாதேஷுக்கு ஓடினாங்க.

சின் ஆளுங்க கதை வேற. 1823 கணக்குல எல்லாம் அவங்கள தொட முடியாது, மலையில காலங்காலமா இருக்குறவங்க, ஆனா பெரும்பாலும் கிறிஸ்டியன். மலை உச்சியில நட்ட சிலுவைய ராணுவம் புடுங்கிப் போட்டது, ஆம்பளைங்கள சுமை தூக்க இழுத்துட்டுப் போனது எல்லாம் 2021க்கு ரொம்ப முன்னாடியே நடந்துச்சு. 2021 அக்டோபர்ல சின் மாநிலத்து தந்த்லாங் டவுன்ல ஒரே நாள்ல நூத்துக்கும் மேல வீடு, கூடவே சர்ச்சும் எரிஞ்சுது.

இத நான் பேப்பர்ல மட்டும் படிச்சு எழுதலங்க. இங்க டெல்லியில விகாஸ்புரி, ஜனக்புரி பக்கம் சின் அகதிங்க நிறைய பேர் இருக்காங்க. எங்க பக்கத்துல ராத்திரி சந்தை கலையுற நேரம் கொஞ்சம் நின்னு பாருங்க, கடைக்காரங்க தள்ளிட்டுப்போன கோஸ் இலை, ஒரு பக்கம் அழுகுன தக்காளி, இதையெல்லாம் டார்ச் அடிச்சு பொறுக்கி அழுகுனத கத்தியால அங்கேயே சீவிப் போட்டுட்டு மிச்சத்த பைக்குள்ள வைப்பாங்க. கையில ஐ.நா. அகதி கார்டு இருக்கும், ஆனா நம்ம நாட்டுல அகதிகளுக்குன்னு தனிச் சட்டமே இல்ல, 1951 ஐ.நா. அகதிகள் ஒப்பந்தத்துலயும் நாம கையெழுத்து போடல, அதனால அந்தக் கார்ட காட்டுனா வீட்டு ஓனரும் மதிக்கிறதில்ல, ஸ்டேஷன்லயும் மதிக்கிறதில்ல. 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தத்துலயும் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் மட்டும்தான், பர்மா கிறிஸ்டியனும் இல்ல ரோஹிங்யாவும் இல்ல, ஈழத்து ஆளுங்களும் இல்லங்கறது உங்களுக்கே தெரியும். எங்க காலனி வாட்ஸப் குரூப்ல இவங்களுக்கு ரூம் குடுக்காதீங்கன்னு ஒரு மெசேஜ் வந்துச்சு, லைக் போட்டவங்கள்ல நம்ம தமிழ் ஆளுங்களும் உண்டு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்ல.

கட்டுரையில சூச்சி அம்மாவ தியாகின்னு எழுதிருக்கீங்க. இருக்கட்டும். ஆனா 2019 டிசம்பர்ல தி ஹேக்ல இருக்குற ஐ.நா. கோர்ட்டுக்குப் போய் ரோஹிங்யா விஷயத்துல நடந்தது இனப்படுகொலை இல்லன்னு வாதாடுனதும் அவங்கதான், 14 மாசத்துல அதே ராணுவம் அவங்களையே உள்ள வச்சிருச்சு. 1964ல தமிழன் கடைய புடுங்குனப்பவும் பர்மாக்காரங்க பாவம்னு உச்சு கொட்டுனதோட சரி, 1988ல ஜனநாயகம் கேட்டுத் தெருவுக்கு வந்தவங்கள ராணுவம் சுட்டப்ப செத்தது அவங்க வீட்டுப் புள்ளைங்க. இந்த வரிசைய எழுதாம பர்மா பத்தி எத்தனை பக்கம் எழுதினாலும் அது பாதிக் கட்டுரைதான்.

அடுத்த தடவை எழுதுறப்ப உங்க டெல்லி நிருபர விகாஸ்புரிக்கு அனுப்புங்க. ரங்கூன் போக விசாவுக்கு அலைய வேண்டியதில்ல, மெட்ரோவுல ஜனக்புரி வெஸ்ட்ல இறங்கி ஆட்டோ புடிச்சா போதும், சந்தைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விகாஸ்புரி, புது டெல்லி