உறுப்பு மாற்று செஞ்ச குழந்தைங்களோட பெற்றோர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். மாசாமாசம் கூட்டம் நடந்துச்சு, ஒண்ணுகூட விடல. வரவு செலவ பொருளாளர் வாசிப்பாரு, நான் நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

இந்த வருஷம் நாம அதிகமா பேசினது மாத்திரையோட பக்கவிளைவு பத்திதான். ஆபரேஷன் முடிஞ்சா கண்டம் தாண்டியாச்சுன்னு நெனச்சுதான் எல்லாரும் வீட்டுக்கு வந்தோம், ஆனா புது கிட்னியோ லிவரோ அத உடம்பு எதிரியா நெனச்சு தாக்காம இருக்க எதிர்ப்பு சக்திய அடக்குற மருந்து தினம் வேணும், அது சும்மா விடறதில்ல. அந்த மருந்துல ஒண்ணு டாக்ரோலிமஸ், அதுல கை நடுங்குது, எழுத்து கோணுது, சர்க்கரையும் பிரஷரும் ஏறலாம், நாள்பட கிட்னியவே கெடுக்கலாம், அதுக்குத்தான் அடிக்கடி ரத்தம் எடுக்கறாங்க. இன்னொண்ணு மைக்கோஃபினோலேட், அதுல வயித்துப்போக்கு, வெள்ளணு குறையறது. ஸ்டீராய்டுல முகம் உப்பறது, அடங்காத பசி, எரிச்சல், உயரம் ஏறாம நிக்கறது.

ஒரு கூட்டத்துல ஒரு அம்மா சொன்னத மறக்கவே முடியல. 13 வயசுப் பொண்ணு. தலையணை உறைய துவைக்க உதறினா உள்ளேருந்து மாத்திரையா கொட்டுது, சிலது எச்சில் பட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கெடந்துச்சாம். முகம் வட்டமா ஆயிடுச்சுன்னு கிளாஸ்ல கேலி பண்ணிருக்காங்க, அவ யார்கிட்டயும் சொல்லல. உடனே டாக்டர்கிட்ட ஓடினாங்க, ரத்தத்துல மருந்தோட அளவு, அதான் லெவல், ரொம்ப கீழ இருந்துச்சு, நல்லவேளை உறுப்புக்கு ஒண்ணும் ஆகல. டாக்டர் திட்டல, அவகிட்ட தனியா உக்காந்து பேசி ஸ்டீராய்ட கொஞ்சம் கொஞ்சமா குறைச்சாரு. மாத்திரை போட்டியான்னு தினம் கேக்கற நாம, கண்ணாடி பாக்க கஷ்டமா இருக்காடான்னு ஒருநாளாவது கேட்டோமா?

என் தப்பையும் சொல்லிடறேன். பையனுக்கு சளின்னு பக்கத்துல ஒரு டாக்டர்கிட்ட போனேன், என்ன மருந்து சாப்பிடறான்னு நான் சொல்லல, அவரு கிளாரித்ரோமைசின்னு ஒரு ஆன்டிபயாடிக் எழுதினாரு, ரெண்டு மூணு நாள்ல டம்ளர புடிக்க முடியாம தண்ணி சட்டையெல்லாம் கொட்டிக்கிட்டான், டெஸ்ட் பண்ணா டாக்ரோலிமஸ் லெவல் எகிறிக் கெடக்கு. பூஞ்சைத் தொற்றுக்குக் குடுக்கற ஃப்ளூகோனசோல், கிரேப்ஃப்ரூட் பழம், இதெல்லாமும் இப்படித்தான் ஏத்தும், வயித்துப்போக்கு வந்தாக்கூட ஏறும். அதனால எந்தப் புது மருந்துன்னாலும் மாற்று சிகிச்சை டாக்டருக்கு ஒரு போன் போட்டுடுங்க. லெவல் டெஸ்ட் அன்னைக்கு ரத்தம் குடுத்தப்புறம்தான் காலை டோஸ், இத மறந்து குடுத்துட்டு வந்தவங்க நம்மள்லயே நிறைய பேரு. தானா டோஸ குறைக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

வர்ற வருஷத்துக்கு ரெண்டு வேலை. பள்ளிக்கூடத்துக்கு குடுக்க ஒரு கடிதம் தயார் பண்ணனும், கை ஏன் நடுங்குது, முகம் ஏன் உப்புது, கிளாஸ்ல யாருக்காவது அம்மைன்னா அன்னைக்கே ஏன் எங்களுக்குச் சொல்லணும்னு எல்லாம் அதுல இருக்கணும். இன்னொண்ணு, பெரிய பிள்ளைங்களுக்கு மட்டும் தனிக் கூட்டம், நாம யாரும் உள்ள போகக்கூடாது. மொதல்ல பேசறது அந்த தலையணைப் பொண்ணுதான், அவளே கேட்டு வாங்கிக்கிட்டா.

செயலாளர்