வசந்தாவின் மாத்திரையும் உன் கிண்ணங்களும்

அன்புள்ள கலா,

இங்கே எல்லோரும் நலம். உன் வீட்டிலும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடாததற்கு வழக்கமான சோம்பேறித்தனம்தான் காரணம், திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இப்போது உட்கார்ந்து எழுத வைத்தது வசந்தா.

போன வாரம் பேசினாள். குரலில் பழைய தெம்பு இருந்தது. பேச்சோடு பேச்சாக, மனச்சோர்வுக்குப் போட்டுக்கொண்டிருந்த மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டேன் என்றாள். டாக்டர் சொன்னாரா என்று கேட்டேன். "இல்லடி, கலா அனுப்பின கிண்ண ஓசையக் கேட்க ஆரம்பிச்சதுலேர்ந்து தேவைப்படல" என்கிறாள்! நீ அப்படிச் சொல்லியிருக்க மாட்டாய், தெரியும். ஆனால் கிண்ணத்தைத் தட்டி எழுப்பும் ஓசை என்று நீ அனுப்பிய அந்தப் பதிவோடு, 432 ஹெர்ட்ஸ் உடம்பின் அணுக்களைச் சீராக்கும் என்று ஒரு விளக்கமும் போயிருக்கிறது. நீ பாதி விளையாட்டாகத்தான் அனுப்பியிருப்பாய். அவள் அதை முழுசாக எடுத்துக்கொண்டாள்.

அந்த 432 கதையை முதலில் முடித்துவிடுகிறேன். ஹெர்ட்ஸ் என்றால் ஓசை நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற கணக்கு, அவ்வளவுதான். சுருதி சேர்க்க இப்போது பொதுவாக இருக்கும் 440, வாத்தியங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதற்காக 1939ல் லண்டனில் கூடிய மாநாட்டில் பேசி வைத்த ஏற்பாடு. அதற்கு முன் ஐரோப்பாவில் ஊருக்கு ஊர் ஒரு சுருதி. நம்மை எடுத்துக்கொள், உனக்கு ஐந்தரைக் கட்டை, எனக்கு நாலரை. வசந்தாவுக்கு எது என்று பாட்டு டீச்சர் கடைசிவரை கண்டுபிடிக்கவே இல்லை. ஒரே எண்தான் எல்லோரையும் குணப்படுத்தும் என்றால் நம் மூவரில் யார் நோயாளி?

இசையால் ஒன்றும் ஆகாது என்று சொல்ல வரவில்லை, அவசரப்படாதே. வசந்தா பேசியதிலிருந்து இதையேதான் தோண்டிக்கொண்டிருக்கிறேன். இத்தாலியின் தென்கோடியில் சலெந்தோ என்ற பகுதி. அங்கே பல நூறு ஆண்டுகளாக ஒரு நோய் இருந்தது. கோடையில், அறுவடைக் காலத்தில், சிலந்தி கடித்துவிட்டது என்று ஒருத்தி சுருண்டு விழுவாள். வைத்தியம் இசைதான். பிடில், கஞ்சிரா மாதிரி ஒரு தோல்வாத்தியம், துருத்திப்பெட்டி எல்லாம் வீட்டுக்கே வரும். தரையில் வெள்ளைத் துணி விரித்து அவளைப் படுக்க வைப்பார்கள். வாசிப்பவர்கள் ஒரு மெட்டைத் தொடங்குவார்கள். அவள் அசையாவிட்டால் அடுத்தது, அதற்கும் இல்லையென்றால் இன்னொன்று. எந்த மெட்டுக்கு அவள் உடம்பு பதில் சொல்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு, அவள் ஆடி ஓயும்வரை வாசிப்பார்கள். சில சமயம் நாள்கணக்கில். அவளுக்குப் பிடித்த நிறத்துத் துணியைக்கூடத் தேடுவார்கள். அப்படி வாசித்தவர்களில் பேர்பெற்றவர் லூயிஜி ஸ்திஃபானி. தொழில் முடிவெட்டுவது, கையில் எடுத்தால் பிடில்.

1959ல் எர்னெஸ்தோ தெ மார்த்தினோ என்ற அறிஞர் மனநல மருத்துவர், இசை ஆய்வாளர் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய் இதை நேரில் பார்த்தார். சிலந்தி விஷம் என்று சொன்னால் பொருந்தவில்லை. விழுந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். முதல் ‘கடி’ பெரும்பாலும் வயதுக்கு வரும் பருவத்திலோ, காதல் முறிந்த சமயத்திலோ, வேண்டாத கல்யாணத்தின்போதோ வந்திருக்கிறது. வாய்விட்டுச் சொல்ல முடியாத துக்கத்துக்குச் சிலந்தியின் பெயரை வைத்துக்கொண்டார்கள், வீடே அதை ஏற்றுக்கொண்டது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. யாரை நினைத்துக்கொண்டேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். அவர்களில் பலருக்கு அடுத்த கோடையில் அது திரும்ப வந்தது. வாசிப்பவர்களும் திரும்ப வந்தார்கள்.

சாமியாட்டம் மாதிரியான சடங்குகளைப் பல நாடுகளில் ஆராய்ந்த கில்பெர் ரூஜே என்ற பிரெஞ்சுக்காரர் 1980ல் எழுதியது இதற்கு ஒத்துப்போகிறது. குறிப்பிட்ட தாளமோ வாத்தியமோ தன் பலத்தாலேயே ஆளைச் சன்னதம் கொள்ள வைப்பதில்லை என்கிறார் அவர். கொட்டுக்கு மட்டும் அந்தச் சக்தி இருந்தால் கொட்டுகிறவன்தான் முதலில் ஆட வேண்டும். அவனோ நிதானமாக ஆளைப் பார்த்துப் பார்த்து அடித்துக்கொண்டிருக்கிறான். சடங்கும், நம்பிக்கையும், சுற்றி நிற்பவர்களும் சேர்ந்தால்தான் ஓசைக்கு அந்த வேலை நடக்கிறது.

உடம்பளவில் ஒன்றும் நடக்காது என்றும் இல்லை. லத்தீனில் ஜெபமாலை சொன்னாலும் ‘ஓம் மணி பத்மே ஓம்’ என்ற மந்திரம் சொன்னாலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைவதை 2001ல் அளந்து பார்த்திருக்கிறார்கள். இதயமும் ரத்த அழுத்தமும் அதற்கேற்ப இசைந்து வருகின்றன. பக்கவாதத்தில் பேச்சுப் போன சிலர், பேச முடியாத சொற்களைப் பாட்டாகப் பாடிவிடுகிறார்கள். அதை வைத்தே இடது கையால் தட்டித் தட்டி, சிறு தொடர்களை ராகம் இழுத்துச் சொல்லவைத்துப் பேச்சை மீட்கும் பயிற்சி 1970களில் வந்தது. இவை எல்லாவற்றிலும் அந்த ஆளே வாயைத் திறக்கிறார். காதில் மாட்டிக்கொண்டு படுத்திருப்பது வேறு.

மனச்சோர்வுக்கும் இசைச் சிகிச்சை உதவுகிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பு, அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்த அறிக்கை 2017ல் வந்தது. வழக்கமான சிகிச்சையோடு இசைச் சிகிச்சையையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு, குறைந்தபட்சம் கொஞ்ச காலத்துக்கு, சோர்வு கூடுதலாகக் குறைந்திருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டுக் கேட்டவர்களின் கதை இல்லை அது.

கலா, இப்போது கேலி இல்லை. இந்த மாத்திரைகளை இஷ்டத்துக்குக் குறைத்தால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் வரலாம். நோய் திரும்புவதானால் சில வாரமோ சில மாதமோ கழித்துக்கூடத் திரும்பும். அதனால் அவள் குரலில் கேட்ட தெம்பை நம்பி என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்த வருஷம் அவளோடு மாறி மாறி உட்கார்ந்திருந்தவர்கள் நாம் இருவர்தான்.

நான் சொன்னால் "நீ எப்பவுமே எல்லாத்துக்கும் எதிர்" என்பாள். உன் பேச்சைக் கேட்பாள். டாக்டரைப் பார்க்கச் சொல், குறைப்பதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். அந்த 432 விளக்கம் சும்மா சுற்றுகிற கதை என்று உன் வாயாலேயே சொல்லிவிடு. கிண்ணத்தை நிறுத்தச் சொல்லாதே, அது அவளுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நீ நேரில் போய் அவளைப் பாட வை. சுருதி சேராது, சேராவிட்டால் என்ன? அவளுக்கு எந்தப் பாட்டு பிடிபடுகிறது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார். அடுத்த மாதம் நானும் வருகிறேன், தம்புராவைத் தூசி தட்டி வை.

தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, பத்திரிகை தனியாக வரும். உன் மாமியார் இன்னும் என்னை "அந்த வாயாடி" என்றுதான் சொல்கிறாரா?

அவளிடம் பேசிவிட்டு அன்றைக்கே எனக்கு ஒரு வரி எழுது. உன் பதில் வரும்வரை நான் அவளைக் கூப்பிடப் போவதில்லை, கூப்பிட்டால் சண்டைதான் வரும்.

அன்புடன்,
நிர்மலா