ரயில் படமும் ரயில் மாதிரியும் ஒரே பொழுதுபோக்குதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரயில் ஆர்வத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதும்போது படமெடுப்பதைத் தனியாகவும் மாதிரி ரயில் செய்வதைத் தனியாகவும் பிரித்துவிடுகிறார்கள். அதனால் புதிதாக வருகிறவர் கேமராவோடு நின்றுவிடுகிறார். இல்லையென்றால் வட்டத் தண்டவாளத்தோடு வரும் தொகுப்பை வாங்கி, சில வாரங்களில் சலித்துப்போய் மூடிவைக்கிறார். அளவு எடுக்கத் தோதாக எடுத்த படம் கையில் இருந்தால் மாதிரியில் செய்ய ஏதாவது வேலை இருந்துகொண்டே இருக்கும், சலிக்காது. மாதிரி செய்கிறவருக்கோ, நிஜ ரயிலில் எதைப் படமெடுக்க வேண்டும் என்பது தானாகப் புரிந்துவிடும். இரண்டையும் சேர்த்தே அறிமுகப்படுத்துங்கள்.

முதலில் நிற்கும் இடம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் ரயில் ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது. இரட்டைப் பாதையில் ஒரு ரயிலின் இரைச்சல், எதிரே வரும் இன்னொன்றின் இரைச்சலை விழுங்கிவிடும். 25,000 வோல்ட் மேல்நிலைக் கம்பியைத் தொட வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் உயர்த்திய செல்ஃபி ஸ்டிக்குக்கே மின்சாரம் தாவும். ஆகவே தண்டவாளத்தில் நின்று எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தயவுசெய்து அச்சிடாதீர்கள். வேலிக்கு வெளியே, வளைவின் உட்பக்கமாக நின்றால் இன்ஜின் முகமும் பின்னால் வரும் பெட்டிகள் அத்தனையும் ஒரே படத்தில் விழும். நல்ல படத்துக்கு அந்த இடமே போதும்.

அதே வேகத்தில், 1/1000 நொடிக்குள் ரயில் ஏறத்தாழ 2.8 செ.மீ. நகர்ந்துவிடுகிறது. சாய்கோணத்தில் நம்மை நோக்கி வரும் ரயிலுக்கு 1/1000 ஷட்டர் வேகம் போதும். குறுக்காகக் கடப்பதற்கு 1/2000 வேண்டும். முகப்பு விளக்கின் வெளிச்சத்தில் கேமராவின் தானியங்கி அளவீடு ஏமாந்து படத்தை இருட்டாக்கும். அதனால் ரயில் வருவதற்கு முன்பே வெளிச்சத்தையும் ஃபோகஸையும் கைமுறையில் வைத்துக்கொள்வது நல்லது. எல்இடி பெயர்ப்பலகை மட்டும் இதற்கு நேர்மாறு: அது கண்ணுக்குத் தெரியாமல் அணைந்து அணைந்து எரிவதால் வேகமான ஷட்டரில் எழுத்து அரைகுறையாகத்தான் விழும். அதைப் படிக்க வேண்டுமானால் ரயில் நிற்கும்போது 1/125 அல்லது அதற்கும் மெதுவாக எடுக்க வேண்டும்.

மாதிரிக்கான படத்தையும் நிற்கும் ரயிலில்தான் எடுக்க வேண்டும். கைபேசி கேமரா படத்தை வரிவரியாகப் படிப்பதால், ஓடும் பெட்டியின் நேரான கதவுகூடப் படத்தில் சாய்ந்துபோகும். அதில் அளவெடுத்துப் பயனில்லை. முடிந்தவரை தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள். அருகில் நின்று அகலக் கோணத்தில் எடுத்தால் படத்தில் அளவுகள் திரிந்துவிடும். கேமரா பெட்டிக்குச் செங்குத்தாக இருந்ததா என்று பார்க்க எளிய வழி உண்டு: பெட்டியின் இரு முனைகளிலும் உயரத்தைப் பிக்சலில் அளந்தால் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். மேகமூட்டமான நாள்தான் இதற்கு ஏற்றது. வெயிலில் அடிப்பகுதி முழுக்கக் கறுப்பு நிழலாகிவிடும். கூரையை நடைமேம்பாலத்திலிருந்து எடுக்கலாம்.

அளவுகோலாக, உறுதியாகத் தெரிந்த ஒரு நீளம் வேண்டும். பலரும் சக்கரத்தின் விட்டத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறாகிவிடும், ஏனென்றால் தேயத் தேயச் சக்கரத்தைக் கடைந்து சரிசெய்வார்கள், விட்டம் குறைந்துகொண்டே போகும். போகியின், அதாவது பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தின், இரண்டு அச்சுகளுக்கு இடையிலான தூரம் மாறாது. அது 2.5 மீட்டர் என்றும், படத்தில் 500 பிக்சல் என்றும் கொண்டால், ஒரு பிக்சல் 5 மி.மீ. ஜன்னல் 240 பிக்சல் அகலம் என்றால் நிஜத்தில் 1.2 மீட்டர், 1:87 மாதிரியில் (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) 13.8 மி.மீ. இதை 0.5 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டில் தாராளமாக வெட்டலாம்.

1:87 என்பது மாதிரி ரயில்களில் எச்ஓ (HO) எனப்படும் அளவு. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ., அதாவது 'ஸ்டாண்டர்ட் கேஜ்' எனப்படும் 1435 மி.மீ. பாதையின் சரியான சுருக்கம். 1676 மி.மீ. அகலப்பாதையை அதே அளவில் சுருக்கினால் 19.3 மி.மீ. வர வேண்டும். 16.5-இல் ஓட்டினால் அகலப்பாதைப் பெட்டியின் கீழே சக்கரங்கள் சற்று ஒடுங்கித் தெரியும் என்பது உண்மைதான். இருந்தாலும் தொடக்கத்தில் அந்தக் குறையை ஏற்றுக்கொள்வதே புத்திசாலித்தனம். பாயின்ட் (ரயிலைத் தடம் மாற்றும் தண்டவாளப் பகுதி), சக்கரம், இன்ஜின் எல்லாமே ஆயத்தமாகக் கிடைப்பது 16.5-க்குத்தான். இடம் குறைவானவர்களுக்கு 'என்' (N) எனப்படும் அளவு இருக்கிறது: 1:160, தண்டவாள இடைவெளி 9 மி.மீ.

வளைவில்தான் பெரும்பாலானவர்கள் மனமுடைகிறார்கள். 26.4 மீட்டர் நீளப் பெட்டி எச்ஓவில் 303 மி.மீ. வரும். தொகுப்புகளில் வரும் வளைவின் ஆரம் 360 மி.மீ. அளவில்தான் இருக்கும். அதில் நீளப் பெட்டி ஓடினாலும் முனைகள் வெளியே துருத்தும். இணைப்புகள் இழுபட்டுச் சக்கரம் ஏறிவிடும். ஆரம் பெட்டியின் நீளத்தைப் போல மூன்று மடங்காவது இருந்தால்தான் கண்ணுக்கு ஒப்பும். இங்கே அது ஏறத்தாழ 910 மி.மீ. அவ்வளவு இடமில்லாதவர் நீளப் பெட்டிகளை விட்டுவிட்டு நாலு சக்கரச் சரக்கு வண்டிகளும் சிறிய இன்ஜினும் வைத்துக்கொள்ளட்டும். ஏற்றம் 2 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்கட்டும். எடையும் முக்கியம். அமெரிக்க மாதிரி ரயில் சங்கத்தின் பரிந்துரைப்படி, எச்ஓவில் ஒரு அவுன்ஸோடு ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ் சேர்க்க வேண்டும். 303 மி.மீ. பெட்டிக்கு அது 200 கிராம் அளவுக்கு வரும். காலியான பிளாஸ்டிக் கூடு அதைவிட மிக இலேசு. ஈயத் துண்டைத் தரைமட்டத்தில் ஒட்டுங்கள், மேலே ஒட்டினால் வளைவில் கவிழும்.

மின்சாரத்துக்குத் தண்டவாள இணைப்புத் தகடுகளை மட்டும் நம்பவே கூடாது. அவை நாளடைவில் தளர்ந்து கறுத்துவிடும். மேடைக்கு அடியில் 1.5 சதுர மி.மீ. முதன்மைக் கம்பி இரண்டை ஓடவிட்டு, ஒவ்வொரு மீட்டருக்கும் அதிலிருந்து ஒரு இணைப்புக் கம்பியைத் தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் பற்றவையுங்கள். இரண்டு மூன்று நொடிக்குமேல் சூடு காட்டினால் தண்டவாளத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் கட்டை உருகி இடைவெளி குலைந்துபோகும். இருபக்கமும் ஈரத்துணி வைத்துக்கொள்ளலாம். டிஜிட்டல் கட்டுப்பாடு என்றால், பாதையின் பல இடங்களில் ஒரு நாணயத்தை இரு தண்டவாளங்களுக்கும் குறுக்கே வைத்துப் பாருங்கள். மின்சாரம் உடனே துண்டிக்கப்படாத இடத்தில் கம்பி போதவில்லை என்று பொருள். அப்படியே விட்டால் ஒருநாள் தடம்புரண்ட பெட்டியின் போகி உருகும். தண்டவாளத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போதும். உப்புத்தாள் போடும் கீறலில் அழுக்கு இன்னும் சீக்கிரம் படியும்.

இன்ஜின் எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் குறை அந்தத் தண்டவாள இணைப்பில். வெவ்வேறு இடங்களில் நின்றால் இன்ஜின் சக்கரத்தின் அழுக்கில். எல்லாப் பெட்டிகளும் ஒரே இடத்தில் தடம்புரண்டால் பாதையைச் சரிசெய்ய வேண்டும். ஒரே பெட்டி பல இடங்களில் தடம்புரண்டால் அதன் சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடையே அளந்து பாருங்கள். எச்ஓவில் அது 14.4 மி.மீ.யை ஒட்டி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்