கிளன்மார்கன் ஆய்வை முழுதாகச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீலகிரியில் கற்பூர மரங்களை (யூகலிப்டஸ்) வெட்டுவதா, விட்டுவைப்பதா என்று வாதிடும் இரு தரப்பினரும், இம்மரங்களால் ஓடைநீர் எவ்வளவு குறைகிறது என்று உதகை அருகே கிளன்மார்கனில் அளந்து பார்த்த ஆய்வையே சான்றாகக் காட்டுகிறார்கள். கோத்தகிரி அருகே எங்கள் ஊரில் சென்ற மாதம் நடந்த கூட்டத்தில், மரங்கள் இருக்கட்டும் என்று பேசியவர் ஒரு நகல் தாளை எல்லோருக்கும் கொடுத்தார். அதில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது என்ற ஒரு வரிக்கு மட்டும் மஞ்சள் மை பூசியிருந்தது. பாதிப்பு இவ்வளவுதான் என்றார். மறுத்துப் பேசியவரோ, மரங்களை வெட்டினால் அடுத்த கோடையிலேயே வற்றிய ஊற்றுகள் சுரக்கும் என்றும், அதே ஆய்வு இதை நிரூபித்துவிட்டது என்றும் சொன்னார். முப்பது ஆண்டுகள் பள்ளியில் அறிவியல் கற்பித்த எனக்கு இரண்டையும் கேட்க வேதனையாக இருந்தது.

உதகையிலுள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் நடத்திய ஆய்வு அது. புல்வெளிகள் மிகுந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளின் ஓடைநீரைச் சில ஆண்டுகள் அளந்து பார்த்தபின், 1972-இல் ஒன்றில் மட்டும், அதன் பரப்பில் 59 சதவீதத்தில் கற்பூர மரம் நட்டு, மற்றதை அப்படியே விட்டு, இரண்டையும் ஒப்பிட்டார்கள். முதல் பத்தாண்டுகளில் ஆண்டு நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் மறுதாம்பாகத் தழைத்த அடுத்த சுற்றில் இக்குறைவு 25 சதவீதத்தைத் தாண்டியது. மழையற்ற மாதங்களின் ஓட்டமோ ஆண்டுக் கணக்கைவிடக் கடுமையாகச் சரிந்தது. எங்கள் ஊர்ச் சுனையில் மார்ச் மாதத்தில் ஒரு குடம் நிரம்பக் கால் மணி நேரம் ஆகிறது. அங்கே குடத்தோடு நிற்பவர்களுக்கு ஆண்டுச் சராசரியைவிட இந்தக் கணக்குதான் முக்கியம். மஞ்சள் மை படாமல் போனது அதுதான்.

வெட்டச் சொல்பவர்களும் தாள் முழுவதையும் படித்ததாகத் தெரியவில்லை. அந்த ஆய்வு ஒப்பிட்டது புல்வெளியையும் கற்பூரத் தோப்பையும்தான். தோப்பை அகற்றினால் ஊற்று எத்தனை ஆண்டில் மீளும் என்பதை அது அளக்கவில்லை. வெட்டிய இடத்தில் புல் திரும்புமா, சீகை எனப்படும் வாட்டில் மரமும் உண்ணிச்செடியும் மண்டுமா, தேயிலையோ கட்டடமோ வருமா என்பதைப் பொறுத்தே நீரின் கதி அமையும். அடிக்கட்டையைத் தழைக்க விட்டு மரத்தை மட்டும் வெட்டினால் ஓடை இன்னும் மெலியும் என்பதற்குத்தான் மறுதாம்புக் கணக்கு சான்றாக நிற்கிறது. ஊற்றை நம்பி ஓர் ஊரே முடிவெடுக்கும்போது, ஆய்வு சொல்லாததை அதன் பெயரால் சொல்வது பெரும் தவறு.

ஆய்வுகளைச் சுட்டி வரும் கடிதங்களையும் கட்டுரைகளையும் வெளியிடுமுன், எந்த இடத்தில், எந்த ஆண்டுகளில், எதை எதனோடு ஒப்பிட்டு அளந்தார்கள் என்பதை எழுதியவரிடம் கேட்டு, அதையும் சேர்த்து அச்சிடுமாறு தங்களை வேண்டுகிறேன். எங்கள் ஊரின் அடுத்த கூட்டத்துக்கு அந்த மையத்திலிருந்து ஒருவரை அழைத்து, ஆய்வு முழுவதையும் தமிழில் விளக்கச் செய்ய வேண்டும் என்று ஊராட்சியில் மனு கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.