கல் பங்களாவில் ஒன்றரை மணி நேரம்

அன்புள்ள மாப்ள,

இங்கு எல்லோரும் நலம். உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் இந்தச் சேதியை உனக்குக் கடிதமாகத்தான் எழுத வேண்டும். நீ படித்த ஊட்டி காலேஜைப் பார்த்துவிட்டு வந்தேன்.

1977-லிருந்து மூன்று வருஷம் நீ அங்கிருந்து இன்லண்ட் லெட்டராக எழுதித் தள்ளினாய். எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: "ஒரு தடவை வாடா மச்சான்." அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய், கடையை விட்டு நான் நகர முடியாத வருஷங்கள் அவை. அந்த வரி இத்தனை காலமும் உள்ளே கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது.

போன வாரம் நானும் உன் தங்கச்சியும் மேட்டுப்பாளையத்தில் காலை 7.10 வண்டியைப் பிடித்தோம். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவில் ஓடும் பல்சட்டத்தில் இன்ஜினின் பல்சக்கரம் கடித்துக்கொள்கிறது. பன்னிரண்டு அடிக்கு ஓரடி என்கிற அளவுக்கு ஏற்றம். இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது. 46 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். குன்னூரில் வேறு இன்ஜின் மாட்டினார்கள். கேத்தி வந்தபோது உன் தங்கச்சி ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவே இல்லை.

ஊட்டியில் இறங்கும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. திரும்பும் வண்டி இரண்டு மணிக்கு. அவளுக்குப் பூங்கா பார்க்க ஆசை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவளேதான், "பூ எங்கே போகுது? அண்ணன் படிச்ச காலேஜைப் பார்த்துட்டு வந்துருவோம்" என்றாள். ஆட்டோ பிடித்து மேலே போனோம்.

நீ எழுதுவாயே, கல் பங்களா! அதை நேரில் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822-இல் கட்ட ஆரம்பித்த வீடு, ஊட்டி என்று ஒரு ஊர் உண்டானதே அதைச் சுற்றித்தான். துரைமார்கள் கோடைக்கு வந்து தங்கி மதராஸ் மாகாணத்தை ஆண்ட மேட்டில், 1955-இலிருந்து நம்ம வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். இதைவிட நல்ல கதி அந்த இடத்துக்கு வந்திருக்க முடியாது என்பதுதான் என் எண்ணம்.

சாப்பாட்டு வேளை. மழை விட்டு லேசாக வெயில் அடித்தது. படிக்கட்டு, திண்ணை, மரத்தடி என்று எங்கு பார்த்தாலும் ஸ்வெட்டர் போட்ட பிள்ளைகள். ஒரு பக்கம் படுக பாஷை, ஒரு பக்கம் மலையாளம், நடுவில் தமிழ். உன் பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பட்டம். 1982-இல் கோவையில் பாரதியார் பல்கலைக்கழகம் வந்த பிறகு காலேஜ் அதன் கீழ் போய்விட்டது. வனவிலங்கு உயிரியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது, தெரியுமா?

அந்தத் துறையில் படிக்கிற ஒரு பெண் எங்களுக்குத் திண்ணையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். ஊர் கூடலூருக்கும் அப்பால். விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, நடுவட்டம் மலையேறி, தினமும் வந்து போகிறாளாம். அவளுடைய பாட்டி இலங்கைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி வந்து, தாயகம் திரும்பியவர்களுக்காக அரசாங்கம் போட்ட தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கொழுந்தே பறித்திருக்கிறார். அம்மாவும் அதே வேலை. இவள்தான் அந்த வீட்டில் முதலில் காலேஜுக்கு வந்தவள். "எங்க லைன் வீட்டு வாசல்ல யானை வந்து நிக்கும் சார். அதைப் பத்திப் படிச்சவங்க எங்க ஊர்ல ஒருத்தராவது இருக்கணும்ல?" என்றாள்.

அவள் டிபன் பாக்ஸைத் திறந்தாள். தயிர்சாதம், ஓரத்தில் ஒரு துண்டு நாரத்தங்காய். மூடியைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. நாலரை மணிக்குக் கட்டிய சோறு, இந்தக் குளிரில் அப்படியே இறுகிப்போய், ஸ்பூன் வைத்தால் கட்டியாகப் பெயர்ந்து வந்தது. உன் தங்கச்சி ஒன்றும் பேசாமல் எங்கள் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து அவள் பக்கம் தள்ளிவிட்டு, அந்த தயிர்சாதத்தை எடுத்துக்கொண்டாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். மாப்ள, நான் அன்றைக்கே வந்திருந்தால் உன்னோடு இப்படித்தான் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பேன். அப்போது வராமல் போனதற்கு என்னை மன்னித்துவிடு.

ஒன்றே முக்காலுக்கு ஓட்டமும் நடையுமாக ஸ்டேஷன் வந்து சேர்ந்தோம். வழியில் உனக்கு வர்க்கி வாங்கினேன். பார்சலில் வரும், நமுத்துப் போவதற்குள் சாப்பிட்டுவிடு.

கிளம்பும்போது அந்தப் பெண், "உங்க ஃப்ரெண்டு எந்த ரூம்ல படிச்சார்? சொன்னா போட்டோ எடுத்து அனுப்புறேன்" என்றாள், நம்பரும் கொடுத்தாள். அத்தனை கடிதத்தில் நீ அதை மட்டும் எழுதவே இல்லை. இப்போது எழுது.

உன்
மச்சான்